துவாரமும் தூரமும்

ஹல்துமுல்லையில் நின்று தெற்கு நோக்குவது ஒரு பேறு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா வழியாக மேலேறி வரும் வீதி, இந்தச் சிற்றூரைத் தொட்டுக்கொண்டு பெரகலைச் சந்தியை நாடிப் போகிறது. வீதியின் ஒரு பக்கம் ஹப்புத்தளை மலைச்சுவர். மறுபக்கத்தில் நிலம் சட்டென்று காலை வாரிவிட்டாற்போல் இறங்கிவிடுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் தேயிலைக் கொழுந்து. அதன் நுனியில் இன்னும் விழாத பனித்துளி. அதற்கப்பால் சரிவு, சரிவில் லயங்கள், லயங்களின் தகரக் கூரைகளிலிருந்து எழும் அடுப்புப் புகை. அதற்கும் அப்பால், வானம் தெளிந்த நாட்களில், தாழ்நிலத்திலே உடவளவை நீர்த்தேக்கம் வெள்ளித் தகடு போல் கிடக்கும்.

இவ்வளவும் ஒரே பார்வையில் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிகின்றன என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது கண் நமக்குச் செய்யும் ஒரு சிறு மோசடி. ஐயமிருந்தால், வாசகர் தம் ஆள்காட்டி விரலை முகத்துக்கு ஒரு சாண் முன்னே நீட்டி, அதன் நகத்தை உற்றுப் பார்க்கட்டும். நகத்தின் கோடுகள் தெரியும். எதிர்ச் சுவரிலுள்ள நாட்காட்டி கலங்கிப் போயிருக்கும். நாட்காட்டியைப் பார்த்தால் விரல் இரண்டாகி மங்கும். கண் ஒரு தூரத்தை விட்டு மறு தூரத்துக்கு அத்தனை விரைவாகத் தாவுவதால், இடையில் உள்ள மங்கலை மனம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கமராவுக்கு அந்தத் தாவல் இல்லை. ஒரு கணத்தில் ஒரு தூரம். அதை அது தேர்ந்துகொண்டால் தேர்ந்ததுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்து முன்னமே அறிந்திருந்தேன். அதற்கு என்ன விலை என்பதை அறிந்தது 2014ஆம் ஆண்டின் இறுதியில்.

அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த நேரம். லயங்கள் மனிதர்களோடு மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. அதைப்பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இன்னும் எழுதப்பட வேண்டியதும் இருக்கிறது. நான் இங்கே சொல்ல வந்தது ஒரு புகைப்படத்தைப் பற்றி மட்டுமே.

சரிவு நிகழ்ந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, என்னிடம் முன்பு படித்த ஓர் இளைஞனும் அவனுடைய தாயாரும் என் வீட்டுக்கு வந்தனர். அந்தக் காலை தாயார் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தார். மகன் கொழும்பில் கடையொன்றில் வேலையாயிருந்தான். இருவரும் தப்பியது அப்படி. வீடு தப்பவில்லை. 2013ஆம் ஆண்டுத் தைமாதத்தில் அந்த வீட்டு வாசலில் மூத்த மகளின் திருமணம் நடந்தபோது நான் சில படங்கள் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

“சேர், கல்யாணத்துக்கு நீங்க புடிச்ச படம் ஒங்ககிட்ட இருக்குமில்ல? எங்ககிட்ட இருந்ததெல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சி” என்றார் அந்த அம்மையார்.

பிலிம் பத்திரமாக இருந்தது. அடுத்த வாரமே பெரிதாக அச்சிட்டு வைத்துக்கொண்டேன். என்னுடைய படங்களில் நான் பெருமை கொண்டிருந்த படம் அது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மணப்பெண்ணின் முகத்தில் மூக்குத்தியின் ஒளி, நெற்றிச்சுட்டியின் ஒவ்வொரு கல், கண்ணிமையின் மயிர், எல்லாம் செதுக்கியது போல் இருந்தன. பின்னாலிருந்த யாவும் பாலில் கரைத்த வண்ணம்போல் உருகிக் கிடந்தன. படத்தை வாங்கிய தாயார் நெடுநேரம் பார்த்தார்.

“புள்ள மொகம் நல்லா இருக்கு சேர்.” பிறகு, சற்றுத் தயங்கி, “எங்க வீடு எங்க சேர்?” என்றார்.

அந்த வினாவுக்கு விடை ஒரு சிறிய துவாரத்தில் இருக்கிறது. அதை முறையாக எழுதிவிட வேண்டும் என்று பல நாள் எண்ணியிருந்தேன்.

கமராவின் வில்லைக்குள்ளே மெல்லிய உலோகத் தகடுகள் பூவிதழ்போல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளியிலுள்ள வளையத்தைத் திருப்பினால் இதழ்கள் விரியும், குவியும்; நடுவிலுள்ள துவாரம் பெரிதாகும், சிறிதாகும். வளையத்தின்மேல் 1.8, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். புதிதாய்க் கமரா பிடிப்பவரை இவ்வெண்கள் குழப்புகின்றன. எண் பெருகப் பெருகத் துவாரம் சிறுக்கிறதே என்பார்கள். அவை பின்னத்தின் அடியெண்கள். வில்லையின் குவியத்தூரத்தை இத்தனை கூறாக்கினால் வரும் ஒரு கூறுதான் துவாரத்தின் விட்டம் என்பது அதன் பொருள். ஐந்தில் ஒன்று எட்டில் ஒன்றைவிடப் பெரிது என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அறியும். 50 மில்லிமீற்றர் வில்லையில் எஃப் 1.8 என்றால் துவாரத்தின் அகலம் ஏறக்குறைய 28 மில்லிமீற்றர், பெரிய நாணயம் ஒன்றின் அளவு. எஃப் 16 என்றால் 3 மில்லிமீற்றர், ஒரு நெல்மணியின் அகலம்.

துவாரம் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்பட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அது உண்மையில் பாதி. மறு பாதியைக் காண, ஓர் ஒளிப்புள்ளியைத் தொடர்ந்து போக வேண்டும். மணப்பெண்ணின் மூக்குத்தியிலிருந்து புறப்படும் ஒளி, துவாரத்தின் முழு அகலத்தையும் நிறைத்து உள்ளே நுழைகிறது. வில்லையால் வளைக்கப்பட்டு, ஒரு கூம்பாகக் குறுகி, கூம்பின் நுனி பிலிமில் சரியாக வந்து தொடுகிறது. எனவே அங்கே அது புள்ளியாகப் பதிகிறது. பின்னாலிருக்கும் கதவின் தாழ்ப்பாளிலிருந்து வரும் ஒளிக்கும் அப்படியே ஒரு கூம்பு உண்டு. ஆனால் தாழ்ப்பாள் தொலைவில் இருப்பதால் அதன் கூம்பு பிலிமுக்கு முன்னதாகவே நுனிகண்டு, மறுபடி விரிந்து, பிலிமை அடையும்போது ஒரு வட்டமாகி விடுகிறது. தாழ்ப்பாளின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வட்டம். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்க, தாழ்ப்பாள் தாழ்ப்பாளாக இராது. இனி, துவாரத்தைச் சுருக்கினால் என்ன ஆகும்? கூம்பின் அடி சுருங்கும். அடி சுருங்கிய கூம்பு ஒல்லியானது; அது முன்பின்னாக வெட்டுப்பட்டாலும் வெட்டுமுகம் சிறிய வட்டமாகவே இருக்கும். வட்டம் போதிய அளவு சிறுத்துவிட்டால் கண் அதைப் புள்ளியென்றே ஏற்றுக்கொள்கிறது. இவ்வளவுதான் சூட்சுமம்.

மங்கலான பார்வையுடைய முதியவர்கள் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கக் கண்ணை இடுக்கிக்கொள்வதும் இதே சாத்திரத்தால்தான். அவர்கள் யாரிடமும் எஃப் எண் கற்றவர்கள் அல்லர்.

அந்தத் திருமணப் படத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் பயன்படுத்தியது 35 மில்லிமீற்றர் பிலிம் கமரா. 50 மில்லிமீற்றர் வில்லை. துவாரம் முழுவதும் திறந்த எஃப் 1.8. மணப்பெண் என்னிலிருந்து 2 மீற்றர் தூரத்தில் நின்றாள். அந்நிலையில் தெளிவாகப் பதியக்கூடிய ஆழம் அவள் முகத்துக்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மூக்கிலிருந்து காதுவரை கொள்ளும்; பின்னலின் நுனிக்கே போதாது. வீட்டுக் கதவு என்னிலிருந்து 6 மீற்றர். கதவிலிருந்த ஒவ்வொரு புள்ளியும் பிலிமில் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் வட்டமாகப் பரந்திருக்கிறது. பத்து மடங்கு பெருக்கிய அச்சுப் படத்தில் அது 5 மில்லிமீற்றர்; ஒரு மிளகின் பருமன். கதவில் எழுதியிருந்த வீட்டு இலக்கம், நிலைக்காலில் பூசிய மஞ்சள், இஸ்தோப்புத் தூணில் சாய்ந்து நின்ற உறவினர் முகங்கள், எல்லாம் மிளகு மிளகாகக் கரைந்தன.

அன்று நான் துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி, குவியத்தை 3 மீற்றரில் நிறுத்தியிருந்தால்? தெளிவு 2 மீற்றருக்குச் சற்று இப்பாலிருந்து 7 மீற்றர்வரை பரந்திருக்கும். பெண்ணும் இருந்திருப்பாள், கதவும் இருந்திருக்கும். இந்தக் கணக்குக்கூட அன்று எனக்குத் தேவைப்பட்டிருக்காது. பழைய வில்லைகளின் கழுத்திலே தூரக் குறிக்கு இருமருங்கும் எஃப் எண்கள் சோடி சோடியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். இரு பதினாறுகளுக்கும் இடையில் எந்தத் தூரங்கள் அடங்குகின்றனவோ அவை தெளிவாக விழும். என் வில்லையிலும் அது இருந்தது. அழகான அலங்காரம் என்றே ஆண்டுக்கணக்கில் அதைப் பார்த்திருந்தேன் போலும்.

வேறொரு விலை கொடுக்க வேண்டியிருந்திருக்கும் என்பதையும் மறுக்கவில்லை. எஃப் 1.8இலிருந்து எஃப் 16க்கு வந்தால் நுழையும் ஒளி ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்காகிவிடும். அன்று மலையில் மூடுபனி. ஆயிரத்தில் ஒரு நொடியில் எடுத்த படத்துக்கு, நொடியின் பன்னிரண்டில் ஒரு பங்கு வேண்டியிருந்திருக்கும். கை நடுங்கும், ஒரு முக்காலி தேவை. பெண்ணை மூச்சுப் பிடித்து நில்லென்று சொல்ல வேண்டும். பின்னால் ஓடும் பிள்ளைகள் புகைக்கோடாகப் பதிவர். ஆனால் கதவு ஓடாது அல்லவா? மூச்சைப் பிடித்து நிற்கும்படி மணப்பெண்ணிடம் கேட்பதும் பெரிய கொடுமையன்று. நான் கேட்கவில்லை, காரணம் ஒளியன்று. அந்தத் தகரக் கூரையும், காரை உதிர்ந்த சுவரும், வாசலில் கிடந்த வாளியும் படத்துக்கு அழகில்லை என்று நினைத்தேன். மங்கலாக்கி அவற்றை ஒழித்ததைக் கலை என்று எண்ணினேன். அந்த மங்கலின் இனிமைக்கு ஜப்பானியர் ‘பொக்கே’ என்று பெயரே இட்டிருக்கிறார்கள். வில்லை வாங்குவோர் இன்று அதன் தரத்தை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு பார்ப்பது போல் பார்த்து வாங்குகின்றனர்.

இந்தக் கலையை மலைநாட்டுக்கு முதன்முதல் கொண்டுவந்தவர் யார் என்று தேடப் புகுந்தால் வியப்பான ஒரு பெயர் எதிர்ப்படுகிறது. ஜூலியா மார்கரெட் கமரோன் என்ற அம்மையார் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரோன், நம் பாடசாலை வரலாற்று நூல்கள் கோல்புறூக்–கமரோன் ஆணைக்குழு என்று சொல்லுகின்ற அதே கமரோன்தான். இராசகாரிய முறையை ஒழிக்கவேண்டுமென்ற கருத்தோடு தொடர்புடைய பெயர். அதே மனிதர் இலங்கை மலைகளில் கோப்பித் தோட்டங்களையும் வாங்கினார். 1863ஆம் ஆண்டின் இறுதியில், நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் அம்மையாருக்கு ஒரு கமராவைப் பரிசளித்தனர். அதன்பின் இங்கிலாந்தில் அவருக்கு முன்னால் அமராத பெரியோர் குறைவு. தெனிசன், தார்வின், கார்லைல், வானநூலறிஞர் ஹேர்ஷல் என்று பலரும் அவருடைய கண்ணாடித் தகடுகளில் பதிந்தனர்.

அம்மையாரின் படங்கள் மங்கலானவை. ஒரு கண் தெளிவாயிருக்கும், காது கரைந்திருக்கும். குவியத்தைச் சரிசெய்யக் கூடத் தெரியாதவர் என்று அக்காலத்துப் புகைப்படச் சங்கத்தார் அவரை ஏளனம் செய்தனர். குவியத்தைத் திருப்பிக்கொண்டு போகையில் கண்ணுக்கு அழகாய்ப் பட்ட இடத்தில் தாம் நிறுத்திவிட்டதாகவும், பிறர் வற்புறுத்தும் கூர்மைவரை போகவில்லை என்றும் 1874இல் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். அது மனத்தின் தேர்வு. ஆனால் கருவியும் அதற்கு உடந்தை. அவர் பிற்காலத்தில் பயன்படுத்திய டால்மேயர் வில்லையின் குவியத்தூரம் 30 அங்குலம். அதில் எஃப் 8 என்றால் துவாரம் நான்கங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஒரு சிறு கிண்ணத்தின் வாய். என் சிறு கமராவில் எஃப் 8 என்பது 6 மில்லிமீற்றர். அதைக் கொண்டு ஐந்து மீற்றரிலிருந்து தொடுவானம்வரை தெளிவாக எடுத்துவிடலாம். எண் ஒன்றுதான், துவாரம் வேறு. எஃப் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். ஒளியின் கணக்குக்கு எண் போதும். தெளிவின் ஆழத்துக்கு துவாரத்தின் மெய்யளவும், பொருளின் தூரமும், படத்தை எவ்வளவு பெருக்கிப் பார்க்கப்போகிறோம் என்பதும் வேண்டும்.

1875இல் கமரோன் தம்பதியர் இலங்கைக்கு வந்து சேர்ந்தனர். செல்லும்போதே தங்கள் சவப்பெட்டிகளையும் உடன் கொண்டுசென்றனர் என்று சொல்லப்படுகிறது. அதற்கு ஆறாண்டு முன்னர், 1869இல், கோப்பி இலையிலே நோய் கண்டிருந்தது, தோட்டங்கள் நலிந்துகொண்டிருந்தன. இங்கே அம்மையார் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. களுத்துறைக் குடியானவர்களும் தோட்டத்து மக்களும் அவற்றில் நிற்கிறார்கள். இங்கிலாந்தில் அமர்ந்தவர்களுக்கு எல்லாம் பெயர் இருக்கிறது. இங்கே நின்றவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. 1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பகுதியிலிருந்த மகனின் தோட்டத்தில் அம்மையார் காலமானார். பொகவந்தலாவை தூய மரியாள் ஆலய வளவில் கணவரோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அக்கல்லறையை நான் சென்று பார்த்திருக்கிறேன். சுற்றிலும் தேயிலை.

மங்கலாக்குவது மறைப்பது, தெளிவாக்குவது நியாயம் செய்வது என்று ஒரு முடிவுக்கு வருவது எளிது. அவ்வளவு எளிதாக அதை விட்டுவிட முடியவில்லை. கமரோனின் காலத்திலும் அதற்குப் பிறகும் கொழும்பு நிலையங்களிலிருந்து ஸ்கீன், ஸ்கோவன் போன்ற படப்பிடிப்பாளர்கள் பெரிய கமராக்களை மலைகளுக்குக் கொண்டுசென்றனர். 1890இல் தொடங்கப்பட்ட பிளாட்டே நிலையம் தபாலட்டைகளாகவே இந்நாட்டை உலகெங்கும் அனுப்பிற்று. அவர்களுடைய தோட்டக் காட்சிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: நிரை நிரையாய்த் தேயிலை, தொழிற்சாலையின் சன்னல்கள், எதிர்மலையின் முகடு, ஒன்றும் மங்கவில்லை. முக்காலியில் கமரா, சிறுத்த துவாரம், அசையக் கூடாதென்று ஆணை. இடையிலே கூடை சுமந்த பெண்களும் நிற்கிறார்கள், செடிகளைப் போலவே கூர்மையாக, செடிகளைப் போலவே எண்ணிக்கையாக. தோட்டத்தின் பரப்பைக் காட்ட எடுத்த படத்தில் எல்லாம் தெரிகிறது. ஆள் மட்டும் தெரியவில்லை. துவாரம் சிறிதாயிருந்ததால் அங்கே ஒருவருக்கும் நியாயம் கிடைத்துவிடவில்லை.

கலிபோர்னியாவில் 1932இல் அன்செல் அடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் கூடி ஒரு குழு அமைத்து, அதற்கு எஃப் 64 என்றே பெயர் சூட்டினார்கள். ஓவியத்தைப் போல மங்கலாக்குவதை எதிர்த்து எழுந்த குழு அது. காலடிக் கூழாங்கல் முதல் பனிமலை முடிவரை கூர்மை வேண்டும் என்பது அவர்கள் கட்சி. இரு கட்சியிலும் பெரும் கலைஞர்கள் இருந்திருக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: துவாரத்தை மேலும் மேலும் சுருக்கிக்கொண்டே போனால் தெளிவும் மேலும் மேலும் கூடும் என்று நம்புவோருக்கு இயற்கை ஓர் எல்லை வைத்திருக்கிறது. மிகக் குறுகிய வாயிலில் நுழையும் ஒளி விளிம்பில் வளைந்து சிதறுகிறது. என்னுடையதைப் போன்ற சிறு கமராவில் எஃப் 22க்குப் போனால் முன்னும் பின்னும் எல்லாமே சமமாகச் சற்றே மழுங்கும்.

இலக்கியம் கற்பிக்கும் எனக்கு, இந்தச் சண்டையில் தொல்காப்பியர் எந்தப் பக்கம் நிற்பார் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியதுண்டு. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்று வைத்தார். முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்நிலத்து மரமும் மாவும் புள்ளும் பறையும் தொழிலும். உரி என்பது மனித நெஞ்சத்து ஒழுக்கம். மூன்றில் உரியே சிறந்தது. அதை எஃப் 1.8 என்று வைத்துக்கொள்வோம். ஆனால் உரியைச் சொல்ல வந்த புலவன் நிலத்தை அழித்துவிட்டுச் சொல்லவில்லை. குறிஞ்சித் தலைவி நிற்கையில் தினைப்புனமும் கூடவே நிற்கிறது. புனத்தில் கிளியும் நிற்கிறது. தலைவியின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னணியைப் பாலாக்கிக் கொடுத்தால், அவள் குறிஞ்சியா நெய்தலா என்று யாரால் சொல்ல முடியும்? நான் எடுத்த மணப்பெண் எந்த ஊரினள் என்று அந்தப் படம் சொல்லாது. கொழும்பில் ஒரு மண்டபத்தில் எடுத்தது என்றாலும் நம்பலாம்.

லயத்து வாழ்க்கையிலே இது வெறும் அழகியல் விவாதம் அன்று. வீடும் நிலமும் தம் பெயரில் இல்லாமலே பல தலைமுறை வாழ்ந்தவர்கள் அவர்கள். இந்த இடத்தில் இன்னார் இருந்தார் என்பதற்குப் பத்திரம் பேசாத வீட்டில், படம்தான் சிறிதளவாவது பேசும். அதையும் பேசவிடாமல் வாயடைத்திருந்தேன்.

இப்போது என் மாணவர்கள் கைத்தொலைபேசியால் படம் எடுக்கிறார்கள். அதிலும் எஃப் 1.8 என்று விளம்பரம் இருக்கும். ஆயினும் அதன் வில்லையின் குவியத்தூரம் ஐந்தாறு மில்லிமீற்றர்தான்; துவாரம் மூன்று மில்லிமீற்றர் சொச்சம். ஆகவே இயல்பிலே அது முன்னும் பின்னும் எல்லாவற்றையும் தெளிவாகவே காட்டிவிடும். ஏழை வீட்டையும் காட்டும், கொடியில் காயும் துணியையும் காட்டும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. முகப்பட முறை என்று ஒரு பொத்தானை அமுக்குகிறார்கள். கருவி கணக்குப் போட்டு, ஆளை மட்டும் வைத்துக்கொண்டு பின்னணியைத் தானாகவே மங்கச் செய்கிறது. வில்லை ஒளித்துவிடாததைக் கணக்கு ஒளித்துவிடுகிறது. சில வேளை காதோரத்து முடியையும் தோட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். பிள்ளைகளைக் குறைசொல்ல நான் யார்? பொத்தான் இல்லாத காலத்தில் நான் கையால் செய்த வேலைதான் அது. ஆனால் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறேன். யாரையாவது படம் எடுத்தால் இரண்டு எடு. ஒன்று முகத்துக்கு, ஒன்று வாசலுக்கு. இரண்டாவதன் பின்னால், தெரிகின்ற பொருள்களின் பெயரை எழுதி வை. சென்ற ஆண்டு ஒரு சிறுமி எழுதிக் கொண்டுவந்ததில் பதினேழு பெயர்கள் இருந்தன. ‘தண்ணிக் குழாய் (வராது)’ என்பதும் அவற்றில் ஒன்று.

அந்தத் தாயார் அன்று கேட்ட கேள்விக்கு நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். “இன்னும் பெருசாக்குனா தெரியுமா சேர்?” என்று மகன் கேட்டான். பெருக்கினால் வட்டங்களும் உடன் பெருகும் என்றேன். பிலிமில் பதியாத ஒன்றை எந்த இரசாயனமும் வரவழைக்காது. அவன் தலையசைத்தான்.

தாயார் படத்தை எடுத்துக்கொண்டு சன்னலருகே போனார். கண்ணை இடுக்கிப் பார்த்தார்; தள்ளி வைத்துப் பார்த்தார். மணப்பெண்ணின் இடத்தோளுக்கு மேலே நீலமாய்ப் பரந்து கிடந்த ஒன்றைச் சுண்டுவிரலால் தொட்டார்.

“இது எங்க கதவு. அந்தத் தீவாளிக்கு நாந்தான் பெயின்ட் அடிச்சேன்.”

பிறகு ஒவ்வொன்றாகத் தேடலானார். வெள்ளையாய் நீண்டது கொடித்துணி. கறுப்பாய்க் குந்தியிருந்தது அடுப்புக்கு வெட்டி அடுக்கிய விறகு. கூரைக்குக் கீழே சாம்பல் நிறத்தில் தொங்கியது கொழுந்துக் கூடை. நான் மிளகு மிளகாகக் கரைத்துவிட்ட வீட்டை அவர் நிறம் நிறமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். இஸ்தோப்புத் தூணுக்கு அருகே சிவப்பாய் ஒரு கறை இருந்தது. அங்கே வந்ததும் விரல் நின்றுவிட்டது. வாளி என்றான் மகன்; அவர்கள் வீட்டில் சிவப்பு வாளி ஒன்று இருந்ததாம். தாயார் இல்லை என்றார். அது பக்கத்து வீட்டு அக்காவின் சேலை, கல்யாணத்துக்கென்று பண்டாரவளையில் எடுத்தது, அவள் அந்தத் தூணிலேதான் சாய்ந்து நின்றாள் என்றார். இருவரும் சற்று நேரம் மாறி மாறிச் சொன்னார்கள். பிறகு மகன் பேசாமல் இருந்துவிட்டான்.

அவர்கள் போன பிறகு பிலிமை எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். வாளியும் அல்ல, சேலையும் அல்ல. அரை மில்லிமீற்றர் வட்டங்கள்.